பைன் வரும் வருடம்

ஹமமாட்சு
2003 பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இந்தக் குளிரில் உன் முழங்காலும் அத்தானின் இடுப்பும் எப்படி இருக்கின்றன என்று எழுது. இங்கே பனி இல்லை, காற்றுதான். சைக்கிளை மிதித்தால் சைக்கிள் பின்னால் போகிறது.

நீ அனுப்பிய பெர்சிமன் பழ வற்றல் வந்து சேர்ந்தது. வழக்கம்போலப் பாதியைக் கசுமிக்குக் கொடுத்தேன். "இதச் சாப்பிட்டாத்தான் எனக்குப் புது வருஷமே பொறக்குதுன்னு அக்காகிட்ட எழுதுங்க" என்றாள். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு இனிப்பைத் தின்கிறாளே என்று டாக்டர் முறைத்தாராம்.

ஒரு செய்தி. இந்த ஆண்டு முதல் எங்கள் தொழிற்சாலைச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். "யார் வர்றீங்க?" என்று தலைவர் ஒனுமா கேட்டதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் எதையோ யோசித்துக்கொண்டு நிமிர்ந்திருந்தேன். அப்படித் தேர்வானேன். வசந்தச் சம்பளப் பேச்சுவார்த்தைக்கான கோரிக்கையை நானே என் கையால் எழுதி முதலாளியிடம் கொடுத்திருக்கிறேன். ஆறு வருடமாக அசையாத அடிப்படைச் சம்பளத்தில் மூவாயிரம் யென் ஏற்றிக் கேட்டிருக்கிறோம். பதில் மார்ச் கடைசியில் வரும்.

"பைன் பைன்னு எழுதறானே உன் தம்பி, அது என்ன?" என்று அத்தான் கேட்டதாக எழுதியிருந்தாய். அவருக்குச் சொல். இங்கே விலாங்கு மீன் கடையில், மீனை மேலே வைத்துத் தரும் பெட்டிச் சோறு விலைப்படி மூன்று தரம். மேலே பைன், நடுவே மூங்கில், கீழே பிளம். சம்பளப் பதில் வருகிற அன்று நானும் கசுமியும் ஏரிக்கரைக் கடைக்குப் போய், ஏறிய சம்பளத்துக்குத் தக்கபடி சாப்பிடுவோம். பைன் சாப்பிடும் அளவுக்கு என்றைக்கு ஏறுகிறதோ அன்றைக்குக் கல்யாணப் பேச்சை எடுப்பேன் என்று முதல் வருடமே அவளிடம் சொல்லிவிட்டேன். ஒன்பது வருடத்தில் இரண்டு முறை மூங்கில் சாப்பிட்டோம். மற்ற வருடமெல்லாம் பிளம்தான்.

இந்த வருடம் எனக்கு என்னவோ நம்பிக்கையாக இருக்கிறது.

உன் தம்பி
முனேயோ

*

ஈதா
2003 பிப்ரவரி 23

தம்பி முனேயோவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். எனக்கு முழங்கால் படி ஏறும்போது மட்டும்தான் வலிக்கிறது. வீட்டில் படி இல்லாததால் நான் நல்ல சுகம். உன் அத்தான் இடுப்பில் மருந்துப் பட்டி ஒட்டிக்கொண்டு பனி தள்ளுகிறார்.

எனக்கும் சம்பளம் ஏறியிருக்கிறது, தெரியுமா? சூப்பர் மார்க்கெட்டில் வறுவல் பிரிவு மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேலையைவிட்டு நிறுத்தப் போகிறார் என்றே நினைத்தேன். "தொகிகோ அம்மா, உங்க உழைப்பைப் பார்த்து மணிக்குப் பத்து யென் ஏத்தியிருக்கோம்" என்றார். மூன்று முறை குனிந்து நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால், அந்தப் பத்து யென்னால் என் வருட வருமானம் வரம்பைத் தாண்டிவிடுகிறது. தாண்டினால் உன் அத்தானுக்கு வரிச் சலுகை போய்விடும். ஆகவே டிசம்பரில் சில நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து அந்த உயர்வை ஈடுகட்ட வேண்டும். இதற்கா குனிந்தோம் என்று ஆகிவிட்டது.

உன் பைன் கதையை அத்தானிடம் சொன்னேன். சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார். "ஒன்பது வருஷமா அந்தப் பொண்ணு பிளம் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கா?" என்றார்.

கசுமிக்கு முப்பத்தெட்டு ஆகிறது. நீங்கள் செய்வது பள்ளிக்கூட மேசை நாற்காலி. பிள்ளைகள் குறைந்துவிட்டதால் மேசை விற்கவில்லை, அதனால் சம்பளம் ஏற்ற முடியவில்லை என்று உங்கள் முதலாளி சொல்கிறார். சம்பளம் ஏறவில்லை என்று நீங்களெல்லாம் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருக்கிறீர்கள். பிறகு அந்த மேசைக்குப் பிள்ளை எங்கிருந்து வரும்? கொஞ்சம் யோசி.

கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு சைக்கிளில் போ.

அன்புடன் அக்கா
தொகிகோ

*

ஹமமாட்சு
2003 மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே செர்ரி மொட்டு விட்டுவிட்டது. உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் ஆகும். எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

பதில் வந்துவிட்டது. ஐந்நூறு யென்.

மாதத்துக்கு ஐந்நூறு. இரண்டு வாரம் சிவப்புப் பட்டியைக் கையில் கட்டிக்கொண்டு வேலை செய்தோம். எதிர்ப்பைக் காட்டத்தான் பட்டி. ஆனால் பட்டி கட்டியவன் வேலையைக் குறைத்தான் என்று பேர் வந்துவிடக் கூடாதே என்று எல்லாரும் வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் நாற்காலி கூடுதலாக இறங்கியது.

கடைசி நாள் முதலாளி தன் கையாலேயே எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். "போன வருஷம் இந்த ஜில்லாவுல நாலு பள்ளிக்கூடம் மூடிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் சட்டைக் காலர் நைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் வாதாட முடியவில்லை. சங்கக் கூட்டத்தில் பதிலைப் படித்தேன். "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டேன். அறுபது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை விலாங்குக் கடைக்குப் போனோம். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வருவதற்குள் கசுமி, "எங்களுக்கு ரெண்டு பைன் குடுங்க" என்று சொல்லிவிட்டாள். ஐந்நூறு யென் என்று அவளுக்கு வழியிலேயே சொல்லியிருந்தேன், காதில் விழவில்லை போலிருக்கிறது. நான் கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டு, "இல்லம்மா, ரெண்டு பிளம். இவங்க தவறுதலாச் சொல்லிட்டாங்க" என்றேன். அந்த அம்மா கசுமியைப் பார்த்தார். கசுமி, "ஆமா, தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். ஊழியப் பெண் சமையல்கட்டுக்கு ஓடி மாற்றினாள். கொஞ்சம் தாமதித்திருந்தால் அடுப்பில் போட்டிருப்பார்கள்.

ஆக இந்த வருடமும் பிளம். அடுத்த வசந்தம் பார்ப்போம். அத்தானிடம் சொல், சிரிப்பார்.

உன் தம்பி
முனேயோ

*

ஈதா
2003 ஏப்ரல் 2

முனேயோ,

உடம்பு விசாரிப்பெல்லாம் அடுத்த கடிதத்தில். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

அத்தான் சிரிக்கவில்லை.

கசுமி தவறுதலாகச் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக அந்தக் கடைக்கு வருகிறவளுக்கு எது பைன், எது பிளம் என்று தெரியாதா? ஐந்நூறு என்று காதில் விழுந்த பிறகுதான் சொல்லியிருக்கிறாள். உன் சம்பளம் எப்படியும் போகட்டும், பேச்சை எடு என்று சொல்லியிருக்கிறாள். ஒரு பெண் இதைவிட எப்படித் திறந்து சொல்வாள்? நீ கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

எனக்குப் பதில் எழுதாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போ.

அக்கா

*

ஹமமாட்சு
2003 மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதாதே என்று சொல்லியிருந்தாய், ஆனாலும் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தது தப்பு. நான் சுகம். ஒரு பள்ளிக்கூட அரங்குக்கு மடக்கு நாற்காலி செய்யும் அவசர வேலை வந்ததால் ஞாயிறும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

நீ எழுதியதைப் பல முறை படித்தேன். நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும். அன்றைக்கு அவள் பெட்டியில் கொஞ்சம் சோறு மிச்சம் வைத்தாள். அவள் மிச்சம் வைக்கிறவள் இல்லை.

ஆனால் அக்கா, நான் போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபிக்காதே. மூன்று வருடத்துக்கு முன் புத்தாண்டுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். சாக்கே மது ஊற்றிக்கொண்டே, "இப்ப எவ்வளவு வாங்கறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அது நான் முப்பது வயசுல வாங்கினது" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அவர் காலத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் தானாக ஏறுமாம், கேட்கவே வேண்டாமாம். அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஐந்நூறு யென்னை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பேன்?

ஜூலையில் போனஸ் வரும். ஒரு மோதிரம் வாங்கிக்கொண்டு முறையாகப் போய்க் கேட்கிறேன். இரண்டு மாதம்தானே. கசுமி ஒன்றும் சொல்வதில்லை. எப்போதும்போலத்தான் இருக்கிறாள். காத்திருப்பாள்.

அத்தானுக்கு என் வணக்கம்.

முனேயோ

*

ஈதா
2003 ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. நாங்கள் சுகம்.

ஆப்பிள் பிஞ்சு விட்டிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் கழித்துவிடக் கூலிக்கு ஆள் தேடுகிறார்கள், அத்தான் போகிறார். அங்கேயும் கூலி போன வருடத்துக் கூலிதான். எனக்கு வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

தம்பி, போனஸ் வரை காத்திருக்காதே. இன்றைக்கு உனக்குப் பேருந்து இருந்தால் இன்றைக்கே ஏறு. மோதிரம் வேண்டாம், வெறும் கையோடு போ. இதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஹமமாட்சு
2003 ஜூலை 13

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் தொடங்கிவிட்டது. சுகமா? போன கடிதத்தில் உன் எழுத்து என்னவோ போல இருந்தது. முழங்காலை மறைக்காமல் டாக்டரிடம் காட்டு.

போனஸ் வந்தது. போன வருடத்தில் பாதி. மீதிப் பாதிக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு மடக்கு நாற்காலி கொடுத்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆர்டர் கொடுத்த பள்ளிக்கூடம் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டதாம், மிஞ்சியதைப் பிரித்துக் கொடுத்தார்கள். அறுபது பேர் வரிசையாக நாற்காலியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதை நீ பார்த்திருக்க வேண்டும். ஊரே வேடிக்கை பார்த்தது.

மோதிரக் கடை வரைக்கும் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டு வந்தேன். டிசம்பர் போனஸ் ஒன்று இருக்கிறது.

கசுமி ஏதோ பேச வேண்டும் என்கிறாள். அடுத்த ஞாயிறு சந்திக்கிறோம்.

முனேயோ

*

ஒதாரு
2003 ஆகஸ்ட் 17

அன்புள்ள தொகிகோ அக்காவுக்குக் கசுமி எழுதுவது.

வெயில் நாட்களில் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தூர வடக்கில் ஆகஸ்டிலேயே மாலையில் மேல்சட்டை வேண்டியிருக்கிறது. ஜூன் மாதம் திடீரென்று உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். ஒன்றும் கேட்காமல் சோறு போட்டீர்கள். நானே உங்கள் தம்பியிடம் சொல்லும்வரை சொல்ல வேண்டாம் என்று கேட்டேன், அப்படியே காப்பாற்றினீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மன்னித்துவிடுங்கள்.

சொல்லிவிட்டேன், அக்கா. ஏரிக்கரைப் பேருந்து நிறுத்தத்தில் வைத்துச் சொன்னேன். "ஒதாருவுல என் சித்தி பக்கத்துல ஒரு மருத்துவமனையில வேலை கெடைச்சிருக்கு. போகலாமான்னு இருக்கேன்" என்றேன். 'போகலாமா' என்றுதான் கேட்டேன். 'போகிறேன்' என்று சொல்லவில்லை. அவர், "அங்க சம்பளம் எப்படி?" என்று கேட்டார்.

எனக்கு வாயில் வந்த ஒரு தொகையைச் சொன்னேன். ஹமமாட்சுவில் வாங்கியதைவிட ரொம்பவே அதிகமாகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பொய்யாக அல்ல, உண்மையாகவே மலர்ந்தது. "நல்ல ஏத்தம். இந்தக் காலத்துல யாருக்குக் கெடைக்கும்? வேண்டாம்னு சொல்லிடாதீங்க" என்றார். பேருந்து வந்ததும் குனிந்து வாழ்த்துச் சொன்னார்.

நான் சொன்னது பொய் அக்கா. இங்கே சம்பளம் அங்கே வாங்கியதைவிடக் குறைவு.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கையைப் பிடித்து ஒருமுறை உலுக்கியிருக்கலாம், நானும் அதைச் செய்யவில்லை. அந்த வருத்தம் எனக்கும் இருக்கிறது. இந்தப் பொய்யை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்குச் சம்பளம் ஏறியது என்று நினைத்தாவது அவர் சந்தோஷமாக இருக்கட்டும்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கசுமி

*

ஹமமாட்சு
2003 செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் தணிந்துவிட்டது. நான் சுகம். அங்கே அறுவடை தொடங்கியிருக்கும். அத்தானை அதிகம் குனிய விடாதே.

தொழிற்சாலையில் மாற்றம் ஒன்றும் இல்லை. முதியோர் இல்லங்களுக்கு நாற்காலி செய்யலாமா என்று பேச்சு நடக்கிறது. கைப்பிடி வைத்த நாற்காலி. அதற்கு ஆர்டர் குறையாது என்று முதலாளி நம்புகிறார்.

கசுமி நலம்.

போனஸாக வந்த மடக்கு நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். மாலையில் அதில் உட்கார்ந்துகொள்கிறேன். உட்கார நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் செய்வது நல்ல நாற்காலிதான்.

முனேயோ

*

ஹமமாட்சு
2003 டிசம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

வருடம் முடிகிறது. எல்லாரும் சுகமாகப் புத்தாண்டைப் பார்க்க வேண்டும். டிசம்பரில் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்காருவேன் என்று எழுதியிருந்தாயே, உட்கார்ந்தாயா? முழங்காலுக்காவது ஓய்வு கிடைத்திருக்கும்.

பெர்சிமன் வற்றல் வந்தது. பெட்டி சின்னது. ஒன்பது வருடமாக நீ பெரிய பெட்டி அனுப்புவாய். இந்த முறை ஒரு ஆள் தின்கிற அளவுக்குத்தான் இருந்தது. கடிதம்கூட நீ வைக்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் உனக்கு எல்லாம் தெரியும் என்று புரிந்துவிட்டது.

கசுமி நலம் என்று எழுதியது பொய்யல்ல. அவள் நலமாக இருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். இங்கே இல்லை என்பதை மட்டும் எழுதவில்லை. அவளுக்கு அங்கே நல்ல சம்பள உயர்வு. அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? என்னால் செய்ய முடியாததை யாரோ அவளுக்குச் செய்துவிட்டார்கள் என்று இருந்தது. பேருந்து போன பிறகுதான் வேறு விதமாகத் தோன்ற ஆரம்பித்தது. அது இன்னும் நிற்கவில்லை.

போகாதே என்று சொல்லியிருக்கலாம். அதற்குக் காசு ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.

புத்தாண்டு வாழ்த்து.

முனேயோ

*

ஈதா
2004 பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். நாங்கள் சுகம். பனி ஜன்னல்வரைக்கும் ஏறிவிட்டது.

மறைத்து எழுதி நமக்கு நல்லது நடந்ததில்லை. அதனால் நேராகவே சொல்கிறேன். கசுமி எனக்குப் புத்தாண்டு அட்டை அனுப்பியிருந்தாள். வசந்தத்தில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அங்கே மீன் சந்தையில் கணக்கு எழுதுகிறவர். அவருக்கும் ஆறு வருடமாகச் சம்பளம் ஏறவில்லையாம். அதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்டாராம். "ஏறும்னு தோணல. பரவாயில்லையா?" என்று கேட்டாராம். அந்த வார்த்தையை அப்படியே எழுதியிருந்தாள்.

ஜூன் மாதம் அவள் இங்கே வந்துபோனாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். அதைக் காப்பாற்றினேன். உடைத்திருக்க வேண்டும் என்று இப்போது ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். துணி காயவில்லை, ஆப்பிள் பிஞ்சு விட்டது என்று ஒரு கடிதம் எழுதினேனே, அதை எழுதிய கையை நானே திட்டுகிறேன்.

அழ வேண்டும் என்றால் அழுதுவிடு. பிறகு ஒரு நல்ல சோறு சாப்பிடு. மே விடுமுறைக்கு இங்கே வா. அத்தான் உன்னை ரயிலடிக்கு வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறார்.

அக்கா

*

ஹமமாட்சு
2004 மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபடியும் செர்ரி மொட்டு. நான் சுகமாகத்தான் இருக்கிறேன், நம்பு. மே விடுமுறைக்குக் கட்டாயம் வருகிறேன்.

பதில் வந்தது. இந்த வருடமும் ஐந்நூறு. முதலாளி தேநீர் ஊற்றினார், அதே சட்டை. கூட்டத்தில் படித்தேன். "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். யாரோ கைதட்டப் போனார்கள். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, "எனக்கு உண்டு" என்றேன்.

செயலாளரே ஆட்சேபித்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. ஒனுமா திகைத்துப்போய், "என்னப்பா சொல்ற?" என்றார். "எனக்குப் போதாதுங்க. போன வருஷமும் போதல. போதாதுன்னு சொல்லாமலே கைதட்டிட்டேன்" என்றேன். பின் வரிசையில் வெல்டிங் செய்யும் ஒருவர், "எனக்கும் போதல" என்றார். பிறகு இன்னொருவர். கடைசியில் பாதிப் பேர் சொன்னார்கள். இத்தனை வருடமாக எல்லாரும் அடுத்தவன் சம்மதித்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். மறுபடி பேசப் போனோம். எழுநூறு ஆனது. இருநூறு யென் பெரிய வெற்றி இல்லை. ஆனால் சொன்னபோது தொண்டை திறந்த மாதிரி இருந்தது. அதை ஒரு வருடம் முன்னால் வேறோர் இடத்தில் திறந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

அன்று மாலை ஏரிக்கரைக் கடைக்குப் போனேன். தனி ஆளாக அங்கே போனது இதுதான் முதல் தடவை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "ஒரு பைன்" என்றேன். கடைக்கார அம்மா பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பெட்டியைத் திறந்தேன். சோறு தெரியாதபடி மீன் மூடியிருந்தது. ஒரு துண்டு வாயில் போட்டேன். எவ்வளவோ எதிர்பார்த்திருந்தேன் அக்கா. பத்து வருடம் எதிர்பார்த்தேன்.

"ருசி பிளம் மாதிரியேதானே இருக்கு?" என்று கேட்டேன்.

"அதே மீன்தானுங்களே. அதே தீ, அதே சாறு" என்றார் அந்த அம்மா. "பிளம்முன்னா ஒரு துண்டு, பைன்னா ரெண்டு துண்டு. அளவுதான் வேற."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"உங்ககூட வருவாங்களே, அவங்க முதல் தடவையே கேட்டாங்க. நீங்க கை கழுவப் போயிருந்தீங்க. சொன்னேன். 'அவர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா, பாவம், பைன் மேல அவ்வளவு ஆசை வச்சிருக்காரு'ன்னு சிரிச்சாங்க."

சொல்லிவிட்டு அவர் தேநீர் கொண்டுவரப் போனார். நான் சாப்பிட்டேன். சாப்பிட வேண்டும் என்று நீ எழுதியிருந்தாயே. ஆனால் இரண்டாவது துண்டை என்னால் தொட முடியவில்லை. துக்கத்தால் என்று நினைக்காதே. முதல் துண்டிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அத்தானின் இடுப்பை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி
முனேயோ